ஊதாத் தாளில் வந்த காபி

மார்ச் 8

அக்காவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு தாள் எடுத்திருக்கலாம். அடித்ததை நீ பார்க்க வேண்டும் என்றுதான் எடுக்கவில்லை.

அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தாள். பதறாதே, இப்போது பரவாயில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாம் இருவரும் பேசிப் பத்து மாதம் ஆகிறது என்பது ஒரு பக்கம். பேசினாலும் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்த காது அது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் குசுகுசுத்தாலும், வெளியே வந்ததும் “யாரு, என்னவாம்?” என்பாள். அதனால் மருந்துக் கடையில், சாப்பாட்டு நேரத்தில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு.

வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, ஜன்னல் திரைகளைக் கழற்றப் போவதாகச் சொன்னாள். போன வாரம்தான் துவைத்து மாட்டினோம். “அதுக்குள்ள என்ன அழுக்கு?” என்றேன். “சும்மா உக்கார முடியலடி” என்றாள். தெருமுனை வரை போனவள், கடைச் சாவியை மறந்தது நினைவு வந்து திரும்பி வந்தேன். மறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், திரையை மடியில் போட்டுக்கொண்டு. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. “நெஞ்சுக்குள்ள யாரோ மாடிப்படி ஏறி ஏறி இறங்குறாங்கடி” என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாடித்துடிப்பு நூற்று ஐம்பத்தெட்டு.

அவள் கைப்பையை என்னிடம் கொடுக்கும்போது நர்ஸ் ஒரு ஊதா நிறத் தாளை எடுத்துக் காட்டினாள். “அம்மா இந்தக் காபி சாக்லேட் சாப்பிடுவாங்களா?” என்றாள்.

“எங்க வீட்டுல காபியே கிடையாதுங்க. பத்து மாசமா நிறுத்தியாச்சு” என்றேன். பெருமையாகச் சொன்னேன், அக்கா.

வீட்டுக்கு வந்து தேடினேன். தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுப் பெட்டிக்கு அடியில், நகத்தால் நீவி நீவி மடிப்பில்லாமல் அடுக்கிய ஊதாத் தாள்கள். அறுபத்து மூன்று. கடைக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘தூக்கத்தை விரட்டும்! ஒரு கட்டி, ஒரு கப் கடுங்காபி!’ பக்கவாட்டில் எறும்புக் கால் அளவில் ‘இதயக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும்’. காஃபீன் எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் இல்லை. காய்ச்சல் மாத்திரைக்கே அட்டையில் அளவு போட்டுத்தான் விற்கிறோம்; இதைத் தின்பண்டம் என்று சொல்லி எந்த அளவும் போடாமல் விற்கிறார்கள்.

மாதம் ஒன்றாக வீட்டுக்கு வந்த மிட்டாய்ப் பார்சல்களில் அனுப்புநர் இடத்தில் இருந்தது உன் பஸ் டிப்போ முகவரி. உனக்குத் தெரியாதா அம்மாவின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று? வருஷம் முழுக்க உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்று கத்தி நான் கெட்ட பெயர் வாங்குகிறேன். நீ நாலு மாதத்துக்கு நாலு பெட்டி மிட்டாய் அனுப்பி நல்ல மகள் ஆகிவிடுகிறாய். நான் ஜெயில் வார்டன், நீ தூரத்து தேவதை. நன்றாகத்தான் இருக்கிறது.

இனி ஒரு துண்டு வந்தாலும் அப்படியே சாக்கடையில் போடுவேன்.

உன் தங்கை

•

மார்ச் 12

அடி சின்னவளே,

உன் கடிதத்தை டிப்போ வாசலில் நின்றபடியே படித்தேன். வண்டி எடுக்க ஐந்து நிமிஷம் லேட். பத்து வருஷத்தில் முதல் லேட்.

போன ஞாயிறு வழக்கம்போல அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவளே கூப்பிட்டு, “பக்கத்து வீட்டுக்காரியோட துணி எடுக்கப் போயிருந்தேன்டி” என்றாள். என்ன ஒரு நடிப்பு! ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. என்ன துணி, என்ன கலர் என்றுகூடச் சொன்னாள்.

சரி, இப்போது என் முறை. நன்றாகக் கேட்டுக்கொள். அந்தச் சாக்லேட்டை நான் அம்மாவுக்கு அனுப்பவில்லை. உனக்கு அனுப்பினேன். பெட்டியின் மேல் உன் பெயர்தான் இருந்தது. உள்ளே சீட்டும் வைத்தேன்: ‘ஒன்பது மணி நேரம் கவுன்டரில் நிற்கிறவளுக்கு. மதியம் ஒரு கட்டி போதும்.’ நீ அதைப் படிக்கவேயில்லை, இல்லையா?

அந்தச் சாக்லேட்டை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். டிப்போ வாசலில் ஒரு கடை. கடைக்காரர் முன்னாள் மெக்கானிக். நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் கறுப்பு போகவில்லை. அதனால் சாக்லேட்டை இடுக்கியால்தான் எடுப்பார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், மரம்கூட இல்லாத அந்த நேர்ச் சாலையில், பின்னால் முப்பத்தெட்டுப் பேர் வாயைத் திறந்து தூங்குவார்கள். நான் ஒருத்தி மட்டும் தூங்கக் கூடாது. கண் இமையில் கல்லைக் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். கன்னத்தில் அறைந்துகொள்வேன், கெட்ட வார்த்தை சொல்வேன், ஒன்றும் நடக்காது. ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கட்டியை நீட்டினார். “கடிக்காதேம்மா, நாக்குல வச்சு ஒதுக்கிக்கோ” என்றார்.

முதலில் கசப்பு. சே, மருந்து என்று நினைத்தேன். அப்புறம் ஓரத்திலிருந்து மெல்ல இனிப்பு வந்தது. அது கரைந்து முடிகிற நேரத்தில் தொண்டைக்குள்ளிருந்து காபி மணம் எழும்பியது. கால் மணி நேரத்தில் சாலை துடைத்து வைத்தது மாதிரித் தெளிவானது. தூரத்துப் பலகையின் எழுத்தெல்லாம் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தச் சாலையைப் பார்த்து நான் பயந்ததில்லை. நல்லது கிடைத்தால் முதலில் உன் நினைவுதான் வருகிறது, என்ன செய்ய? பேசாமல் இருந்தாலும் வருகிறது.

என் பார்சலைக் கையால் தொடாமல் எங்கோ தூக்கிப் போட்டது நீ. அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டது நீ. பழி மட்டும் எனக்கா? அதுவும், வாயில்கூட வைக்காமல் ‘நன்றாக இருந்தது, இன்னும் அனுப்பு’ என்று மூன்று கார்டு எழுதியவள், இப்போது பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே, வெட்கமாக இல்லை?

அம்மா எப்படி இருக்கிறாள்? மூன்று பக்கம் திட்டினாய், அவளைப் பற்றி ‘பரவாயில்லை’ என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எப்படி வண்டி ஓட்டுவது?

அக்கா

•

மார்ச் 16

அக்காவுக்கு,

நான் எந்தக் கார்டும் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பாதியில் வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

“அக்காவுக்கு என் பேர்ல கார்டு எழுதினியா?”

பேப்பரைக்கூட இறக்கவில்லை. “உன் பேர்ல எங்க எழுதினேன்? ‘இப்படிக்கு தங்கை’ன்னுதான் எழுதினேன். நானும் எங்கக்காவுக்குத் தங்கைதான்.”

“அம்மா!”

“என்ன அம்மா? பத்து மாசமா இந்த வீட்டுல காபி வாசனை உண்டா? காலையில எழுந்தா பால். சாயங்காலம் பால். எனக்கு இனிமே என்ன பல்லா முளைக்கப் போகுது? ஃபிரிட்ஜ் மேல ஒரு பெட்டி தூசி படிஞ்சு கிடந்துச்சு. பிரிச்சேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. அப்படியே உக்காந்துட்டேன்டி. ஒண்ணு தின்னேன். அன்னைக்கு மதியம் பூரா குறுக்கெழுத்துப் போட்டேன், ஒரு கட்டம் விடாம.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டேன்னு சொன்னியே?”

“கொடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. அந்தப் புள்ள துப்பிடுச்சு.”

“நெஞ்சு நின்னு போயிருந்தா?”

அப்போதுதான் பேப்பரை இறக்கினாள். “அது என் நெஞ்சுடி. உன் கடை அலமாரி இல்ல, பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்க.”

சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் காரணமே இல்லாமல் தேய்த்தேன். பார்சலைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் போட்டது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே ஆத்திரம் வந்தது. பத்து மாதம் முன்பு, முதல் தடவை அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராதவள், மிட்டாய் அனுப்பிச் சரிக்கட்டுகிறாளா என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கார்டுகள் அம்மாவின் கையெழுத்து. உருண்டை உருண்டையாக, ஒவ்வொரு ‘ழ’வுக்கும் வால் அடுத்த வரி வரை போகும். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். மூன்று கார்டு வந்தும் உனக்குத் தெரியவில்லையா?

இன்னொன்று. நீ ஒருநாளைக்கு எத்தனை கட்டி சாப்பிடுகிறாய்? இதை மருந்துக் கடைக்காரியாகக் கேட்கிறேன். அம்மாவின் நெஞ்சுக் கோளாறு குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார்.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். நாடி எழுபத்தாறு. என்னோடு பேசுவதில்லை.

உன் தங்கை

•

மார்ச் 20

சின்னவளே,

இன்று செவ்வாய். மணி இரண்டு. மேசைமேல் வெயில் விழுகிறது, தாளைப் பார்க்கக் கண் கூசுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். தெரியும். முதல் கார்டிலேயே தெரியும். ‘மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தாள். அந்த ‘ழ’ வாலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதங்களில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? ஆனாலும் அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தேன். என் தங்கை எனக்கு எழுதியிருக்கிறாள் என்று டிப்போவில் இரண்டு பேரிடம் காட்டக்கூடச் செய்தேன். நீ எழுதியதாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதற்காக, சாக்லேட்டை யார் தின்கிறார்கள் என்று யோசிக்காமல் விட்டேன். யோசித்திருந்தால் இரண்டாவது பெட்டி வந்திருக்காது. இது என் தப்பு. இதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் மற்றதற்கு வாங்கிக்கொள்ள மாட்டேன். முதல் தடவை ஏன் வரவில்லை என்கிறாய். நீதானே செய்தி அனுப்பினாய்? ‘எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு. நீ வர வேண்டாம். லீவை வீணாக்காதே.’ அந்த வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்வேன். வர வேண்டாம் என்று எழுதிவிட்டு, வரவில்லை என்று பத்து மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். நான் என்ன ஜோசியக்காரியா? நீ எழுதினதைப் படிப்பதா, எழுதாததைப் படிப்பதா?

இன்னொரு விஷயமும் எனக்கு உறுத்துகிறது. டாக்டர் காபியே கூடாது என்றார் என்று நீதான் அம்மாவிடம் சொன்னாயாம். அம்மாவோ, “அந்த ஆளு என் முன்னாடி அப்படிச் சொல்லவே இல்லையே” என்கிறாள். உண்மையில் அவர் என்ன சொன்னார்? முப்பத்தோரு வருஷம் உழைத்து, இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவள், தன் வீட்டில் ஒரு வாய் காபிக்குத் திருடியாக வேண்டியிருக்கிறது. தாளை நீவி நீவி அடுக்கி வைத்தாள் என்று எழுதினாயே, அதைப் படித்தபோது எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அக்கா

•

மார்ச் 26

அக்காவுக்கு,

முதலில் என் தப்பு. அதைச் சொல்லாமல் உன்னை நான் கேட்கப் போகிற கேள்வியைக் கேட்க முடியாது.

சனிக்கிழமை அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: “டாக்டர், என் காபியை நிறுத்தச் சொன்னது நீங்களா, இவளா?”

அந்த வழுக்கைத் தலை டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். “குறைக்கச் சொன்னேன். நிறுத்தச் சொல்லலையேம்மா.”

நாலு பேர் உட்கார்ந்திருந்த அறை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் குறைக்கச் சொன்னார். நான் நிறுத்தினேன். ஏன் என்று உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. முதல் தடவை அவள் விழுந்த அன்று காலை காபி போட்டுக் கொடுத்தது நான். இரண்டாவது கப் கேட்டாள், அதையும் கொடுத்தேன். அப்புறம் ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ். ஊருக்கெல்லாம் மருந்தை எண்ணிக் கொடுக்கிறவள், என் அம்மாவுக்கு நானே ஊற்றிக் கொடுத்தேன் என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் கொஞ்சம் என்று ஒரு அளவை என்னால் நினைக்கவே முடியவில்லை. ‘வர வேண்டாம்’ என்று உனக்கு எழுதினதும் அதனால்தான். நீ வந்தால் ‘என்ன கொடுத்தே?’ என்று கேட்பாய், அதற்குப் பயந்து எழுதினேன். அப்படியும் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்று மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் நியாயம் இல்லை என்று எனக்கே தெரியும். நீ எடுத்துச் சொல்ல வேண்டாம்.

டாக்டர் தீர்ப்பு: காலையில் அரை டம்ளர் காபி, லேசாக. அந்தச் சாக்லேட் மட்டும் கண்ணிலேயே காட்டக் கூடாது. “எவ்வளவு இருக்குன்னே தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படி அளவு சொல்றது?” என்றார். சாக்லேட் கம்பெனிக்கு நான் எழுதியிருந்த பதிவுத் தபாலுக்குப் பதிலும் வந்தது. ‘எங்கள் தயாரிப்பை விரும்பிச் சாப்பிடும் உங்களுக்கு நன்றி’யாம்! தாளைக் கிழித்து, கிழித்ததைத் திரும்பக் கிழித்தேன்.

இப்போது கேள்வி. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நீ அந்த மரமில்லாத சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். பத்து வருஷமாக உன் செவ்வாய் அதுதான். மேசையில் உட்கார்ந்து எனக்கு எப்படிக் கடிதம் எழுதினாய்? எத்தனை கட்டி சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு ஏன் பதில் இல்லை? ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று யாரும் கேட்காமலே ஏன் எழுதினாய்? என் காதில் பூச்சுற்றாதே.

உன் தங்கை

•

மார்ச் 31

குட்டி,

ஆறு கட்டி. சில நாள் ஏழு.

திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படி. முதலில் ஒன்றுதான். ஒரு வருஷத்தில் ஒன்று வேலை செய்யவில்லை, இரண்டானது. இந்த ஜனவரியில் புது அட்டவணை போட்டார்கள். இடையில் இருந்த ஒரு மணி நேர ஓய்வை இருபது நிமிஷமாகக் குறைத்தார்கள். ‘எல்லாரும் ஓட்டுறாங்க, உனக்கு மட்டும் என்ன?’ என்றார் மேலாளர். பெண் என்பதால் சொல்கிறாரோ என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்துக்கு நாலு கட்டி, தூக்கத்துக்கு இரண்டு.

உன் முதல் கடிதம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அது அம்மாவுக்குக் கெடுதல், எனக்கு இல்லை என்று நினைத்தேன். பதினான்காம் தேதி, சாப்பிட்டு முடித்து இருபது கிலோமீட்டர் போயிருப்பேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தடுக்கி விழுந்தது. எழுந்து ஓடியது, திரும்பத் தடுக்கியது. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. அம்மா சொன்னதாக நீ எழுதினாயே, யாரோ மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று, அது சத்தியமாகச் சரி, குட்டி. எப்படி ஓரங்கட்டினேன், எப்போது கைபிரேக் போட்டேன், தெரியவில்லை. பின்னால் ஒரு அம்மாள் விழித்துக்கொண்டு, “என்னம்மா, ஊர் வந்தாச்சா?” என்றாள்.

“இல்லம்மா, வண்டி கொஞ்சம் சூடாயிருக்கு” என்றேன்.

முப்பத்தெட்டுப் பேர். பெயர் தெரியாது, ஆனால் ஒவ்வொரு முகமும் கண்ணாடியில் தெரிந்தது. மாற்று டிரைவர் வரும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் வீம்பு பிடித்திருந்தால்?

டிப்போ டாக்டர் இதயத் துடிப்பைப் பதிவெடுத்தார். ‘வீட்டில் யாருக்காவது இருக்கா?’ என்று கேட்டார். என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பதினெட்டுக் குடை, ஒற்றைச் செருப்பு நாலு, ஒரு பல்செட்டு, நான். அங்கிருந்துதான் அன்றைக்கு எழுதினேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். ‘நான் சொல்லலை?’ என்பாய்.

நீ அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்த அந்த இரண்டு கப்பைப் பற்றி: நான் வந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இல்லை, பொய் எதற்கு, கேட்டிருப்பேன். ஆனால் கேட்டுவிட்டு மூன்றாவது கப்பை நான் போட்டிருப்பேன், எனக்கும் உனக்கும். அவள் கேட்டாள், நீ கொடுத்தாய். ஒரு மகள் அதைத்தான் செய்வாள்.

அக்கா

•

ஏப்ரல் 4

அக்கா,

நான் சொல்லலை? நான் சொல்லலை? நான் சொல்லலை?

ஆறு கட்டியாம்! ஏழாம்! நீ மனுஷியா, கடுங்காபி அண்டாவா? சம்பளத்துக்கு ஓட்டுகிற வண்டிக்கு, உயிரை ஏன் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறாய்? இருபது நிமிஷ ஓய்வு என்று எழுதியவனை நான் பார்க்க வேண்டும். அவனை அந்த மரமில்லாத சாலையில் மதியம் இரண்டு மணிக்கு நடக்கவிட வேண்டும். மேலாளருக்கும் ஒரு பதிவுத் தபால் எழுதி வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் போடுவேன். சரி என்று சொல்லாவிட்டாலும் போடுவேன்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இனி ஒளித்து வைக்கிற தெம்பு எனக்கு இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ‘பின்னால் ஒரு அம்மாள் விழித்துக்கொண்டு’ என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“நான் தின்னேன், என் நெஞ்சு என்னோடதுன்னேன். அவ நெஞ்சு அப்படியில்லையேடி. அவளுக்குப் பின்னாடி முப்பத்தெட்டுப் பேர் இருந்திருக்காங்களே.” கொஞ்சம் கழித்து, “எனக்குப் பின்னாடியும் ரெண்டு பேர் இருக்கீங்க, இல்ல? அதை நான் யோசிக்கலை” என்றாள். அம்மா தன் தப்பைச் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அதைச் சொன்ன கையோடு, “அரை டம்ளர்ன்னா முக்கா டம்ளர் ஊத்தினாத்தான் அரை டம்ளர் நிக்கும், மீதி நுரைடி” என்று ஆரம்பித்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்தரைக்கு அதே டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். உன் பதிவுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வா. லீவு வீணானால் ஆகட்டும். பெரிய அறையில் உன் கட்டிலைப் போட்டாகிவிட்டது. நீ வர வேண்டும். எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும், எழுதாதது எதுவும் இதில் இல்லை.

அன்புள்ள தங்கை

•

ஜூலை 17

அன்புள்ள குட்டி,

நீ கொடுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. அட்டையின் பின்னால் நீ கிழமை எழுதி வைத்ததால் விடவும் முடியாது. மூன்று மாதக் கெடு முடிந்து, போன வியாழன் பரிசோதனையில் தேறிவிட்டேன். இருபத்து நாலு மணி நேரம் நெஞ்சில் கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு தடுமாற்றமும் இல்லை.

உன் பதிவுத் தபால் மேலாளர் மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் காது சிவக்கிறது. அவருக்கு மனம் மாறிவிட்டது என்று நினைக்காதே. எங்கள் ஓட்டுநர்கள் பதினோரு பேர் உன் கடிதத்தின் நகலுக்கு அடியில் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினோம். அதில் நாலு பேர் அந்தச் சாக்லேட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம், யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு நாற்பது நிமிஷம் ஆகியிருக்கிறது. ஒரு மணி நேரம் வேண்டும் என்று மறுபடி எழுதப் போகிறோம். வாசகம் நீதான் தர வேண்டும். உன் அளவுக்கு எங்களுக்குத் திட்டத் தெரியவில்லை.

கடைக்காரரிடமும் சண்டை போட்டேன். “இதய நோய்க்காரங்களுக்கு ஆகாதுன்னு பெரிசா எழுதி மாட்டுங்க” என்றேன். “நான் என்ன விஷமா விக்கிறேன்?” என்று குதித்தார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அட்டையில் எழுதி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். எழுத்துப்பிழையோடுதான், ஆனால் தெருவிலிருந்தே படிக்கலாம். எனக்கு இடுக்கியால் வேறொரு துண்டு எடுத்துக் கொடுத்தார், வெறும் கறுப்புச் சாக்லேட். அதிலும் கொஞ்சம் காஃபீன் இருக்கிறது என்று நீ எழுதுவாய். தெரியும். பாதியைத்தான் தின்றேன். காபி மணம் இல்லை. கசப்பு அப்படியே இருந்தது. பிடித்திருந்தது.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதாள். ஏன் என்று கேட்டேன். நீ காலையில் அவளோடு உட்கார்ந்து காபி குடிக்கிறாயாம், அவளுக்கு அரை, உனக்கு அரை. அதற்கு ஏன் அழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை வண்டி எடுத்தேன். பெரிய தடம் இல்லை, ஊருக்குள் ஓடுகிற சின்னத் தடம், ஆறு மாதத்துக்கு இதுதான். பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடை, ஒரு குடை. நெஞ்சுக்குள் எதுவும் தடுக்கி விழவில்லை. விழுந்திருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முதல் வேலையாக உனக்குப் போன் போட்டிருப்பேன்.

அக்கா